அயல்மொழி வகுப்பில் நகைச்சுவை

அயல்மொழி வகுப்பில் நகைச்சுவை என்பது, புதிய மொழியைக் கற்பிக்கும்போது விடுகதை, சிலேடை, கேலிச்சித்திரம், சிறு நாடகம் போன்றவற்றைப் பாடத்தின் பகுதியாகப் பயன்படுத்தும் முறையாகும். மாணவரின் கூச்சத்தைக் குறைத்து அவரைப் பேசவைப்பதே இதன் முதன்மை நோக்கம்.

பின்னணி

அயல்மொழி கற்போர் பலர் இலக்கணம் தெரிந்திருந்தும் வாய் திறக்கத் தயங்குகின்றனர். அச்சமும் பதற்றமும் மிகும்போது, காதில் விழும் மொழி மனத்தில் பதியாமல் ஒரு வடிகட்டி போலத் தடுக்கின்றன என்று அமெரிக்க மொழியியலாளர் ஸ்டீபன் கிராஷன் 1982 இல் வெளியான தம் நூலில் விளக்கினார். எலைன் ஹோர்விட்சும் உடன் ஆய்வாளர்களும் 1986 இல் வெளியிட்ட அயல்மொழி வகுப்பறைப் பதற்ற அளவுகோலில் 33 கூற்றுகள் உள்ளன. தான் பேசும்போது மற்ற மாணவர்கள் சிரிப்பார்களோ என்ற அச்சமும் அவற்றுள் ஒன்று. ஆகவே வகுப்பில் எழும் சிரிப்பு அச்சத்தைப் போக்கவும் கூடும், உண்டாக்கவும் கூடும்.

பயன்படுத்தும் வழிகள்

விடுகதை: காயக் காய ஈரமாவது எது என்று பொருள்படும் விடுகதை ஆங்கிலத்தில் உண்டு. விடை: துண்டு. 'டிரை' என்ற ஒரே வினைச்சொல் உலர்தல், உலர்த்துதல் ஆகிய இரு பொருளையும் தருவதே இதன் சூட்சுமம். தமிழில் தன்வினைக்கும் பிறவினைக்கும் இங்குத் தனித்தனி வடிவங்கள் இருப்பதால் இவ்வேடிக்கை அமையாது. விடை புரிந்து சிரிக்கும் மாணவர் இலக்கண வேறுபாட்டையும் அறிந்துகொள்கிறார்.

பேசாப் படம்: சார்லி சாப்ளினின் பேசாப் படக் காட்சி ஒன்றைக் காட்டி, நடந்ததை இறந்தகால வினைகளில் சொல்லச் செய்யலாம். காட்சியில் உரையாடல் இல்லாததால் தொடக்க நிலை மாணவரும் பங்கேற்க முடியும்.

ஒலி வேறுபாடு: தமிழை அயல்மொழியாகக் கற்போருக்கு லகர, ளகர வேறுபாடு கடினமானது. 'பள்ளி', 'பல்லி' என்று மாற்றி மாற்றிச் சொல்லி, கேட்ட சொல்லுக்கேற்பப் படம் வரையச் சொல்லலாம். பள்ளிக்குப் பதில் பல்லி வரையப்படும்போது எழும் சிரிப்பு அவ்வேறுபாட்டை நினைவில் நிறுத்தும்.

கவனிக்க வேண்டியவை

நகைச்சுவை அன்றைய பாடத்தோடு தொடர்புடையதாகவும் மாணவரின் மொழித்திறனுக்கு ஏற்றதாகவும் இருக்க வேண்டும். நெடுநேரம் விளக்கினால்தான் புரியும் நகைச்சுவை வகுப்பில் எடுபடாது. மாணவரின் உச்சரிப்பு, தோற்றம், ஊர், சாதி, சமயம் ஆகியவற்றைக் கேலி செய்தல் கூடாது. தவறைச் சுட்ட வேண்டுமானால், ஆசிரியர் அதே தவறைத் தாம் செய்வதுபோல நடித்துக் காட்டி, மாணவர்களைத் திருத்தச் சொல்லலாம்.

ஒருமுறை சிரிக்கப்பட்ட மாணவர் அதன்பின் கை உயர்த்தாமலே இருந்துவிடக்கூடும். தவறிழைத்தவரும் சேர்ந்து சிரித்து, அடுத்த கேள்விக்கும் விடை சொல்ல முன்வந்தால், அந்த நகைச்சுவை பயன் தந்தது எனலாம்.