பசிபிக் கடலுக்கு மேல் ஒரு ஜங்ஷன்
விமானம் எங்கே இறங்குவது என்று யார் முடிவு செய்கிறார்கள்?

2023 ஜூன் 6-ந் தேதி டில்லியிலிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்குப் புறப்பட்ட ஏர் இந்தியா விமானம், 216 பிரயாணிகளோடும் 16 சிப்பந்திகளோடும் ரஷ்யாவின் மகதான் என்ற ஊரில் போய் இறங்கியது. எஞ்சினில் கோளாறு. அத்தனை பேரைத் தங்க வைக்க அந்தச் சிறிய ஊரில் ஹோட்டல் வசதி போதவில்லை. கிடைத்த இடங்களில் பாய் விரித்துப் படுத்தார்கள். 8-ந் தேதி வேறொரு விமானம் வந்து அவர்களை அமெரிக்காவுக்கு ஏற்றிச் சென்றது.

செய்தியைப் படித்த பலருக்கும் ஒரு சந்தேகம் வந்திருக்கும். அமெரிக்கா போகிற விமானத்துக்குச் சைபீரியாவின் கீழ்க்கோடியில் என்ன வேலை?

வழி தவறவில்லை. அதுதான் வழி. பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் தேசப்படத்தில் பசிபிக் கடல் தட்டையாகக் கிடக்கிறது, பூமியோ உருண்டை. ஓர் உலக உருண்டையை எடுத்து, டோக்கியோவில் ஒரு முனையும் நியூயார்க்கில் ஒரு முனையுமாக நூலை இழுத்துக் கட்டிப் பார்த்தால், நூல் நடுக்கடலைத் தொடாது. வடக்கே ஏறி, அலாஸ்காவை உரசிக்கொண்டு போகும்.

கணக்கையும் பார்த்துவிடலாம். டோக்கியோவிலிருந்து நியூயார்க் நேராகப் போனால் சுமார் 10,850 கிலோமீட்டர். அலாஸ்காவில் உள்ள ஆங்கரேஜ் நகரில் இறங்கிப் போனால் சுமார் 10,950. நூறு கிலோமீட்டர்தான் கூடுதல். அதுவும் ஏறக்குறைய நட்டநடுப் பாதியில் அந்த ஊர். தேசப்படத்தில் நடுவில் இருப்பதுபோல் தோன்றும் ஹானலூலு வழியே போனாலோ 14,000 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். ஹவாய்த் தீவுகளுக்கு உல்லாசப் பிரயாணிகள் வருகிறார்கள். ஆனால் ஜப்பானிலிருந்து நியூயார்க் போகிறவன் அங்கே வண்டி மாற வேண்டிய அவசியமே இல்லை.

வண்டி மாறும் இடத்தை விமானக் கம்பெனிக்காரர்கள் 'ஹப்' என்கிறார்கள். மாட்டு வண்டிச் சக்கரத்தின் குடம் என்று அர்த்தம். ஆரக்கால்கள் எல்லாம் வந்து சேரும் இடம். பெங்களூர் வாசிகளுக்கு ஜோலார்பேட்டை என்றால் சட்டென்று விளங்கும்.

தண்ணீர் பிடிக்க நின்ற ஸ்டேஷன்கள்

ஆரம்ப காலத்தில் இந்தத் தேர்வு விமானக் கம்பெனியின் கையில் இல்லை. எரிபொருள் டாங்க்தான் தேர்ந்தெடுத்தது. 1935 நவம்பர் 22-ந் தேதி பான் அமெரிக்கன் கம்பெனியின் 'சைனா கிளிப்பர்' என்ற கடல் விமானம் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து தபால் மூட்டைகளுடன் கிளம்பி, 29-ந் தேதி மணிலா போய்ச் சேர்ந்தது. ஹானலூலு, மிட்வே, வேக், குவாம் என்று தீவுக்குத் தீவு இறங்கி ஏறியது. மறு ஆண்டு அக்டோபரில் பிரயாணிகளையும் ஏற்றினார்கள்.

அவற்றில் வேக் தீவு விசேஷமானது. மனிதர் குடியிருந்ததில்லை. குடிதண்ணீர் இல்லை. மழைநீரைப் பிடித்து வைத்தார்கள். மண் சரியில்லாததால் தொட்டிகளில் சத்துநீர் ஊற்றிக் காய்கறி வளர்த்தார்கள். ஹோட்டல் கட்டத் தேவையான மரம், இரும்பு, பாத்திரம் பண்டம் அத்தனையும் கப்பலில் வந்தன. ஒரு விமானம் ஒரு ராத்திரி தங்குவதற்காக இத்தனை ஏற்பாடு. 1941 டிசம்பரில் ஜப்பானியர் குண்டு வீசி அந்தத் தீவைப் பிடித்ததோடு ஹோட்டலும் போயிற்று.

இந்தத் தீவுகள் இப்போதும் அடியோடு மறக்கப்படவில்லை. இரண்டே எஞ்சின் கொண்ட விமானம் கடல் தாண்டும்போது, ஓர் எஞ்சின் நின்றாலும் குறிப்பிட்ட நேரத்துக்குள் ஏதாவது ஓர் ஓடுபாதையை அடைய முடிய வேண்டும் என்பது விதி. 1985-ல் 120 நிமிஷம் வரை அனுமதித்தார்கள். 1988-ல் 180 நிமிஷம் ஆக்கினார்கள். அந்த ஓடுபாதைகளில் மிட்வேயும் ஒன்று. 2014 ஜூலையில் ஹானலூலுவிலிருந்து குவாம் போன யுனைடெட் விமானம் முந்நூறுக்கு மேற்பட்ட பிரயாணிகளுடன் அங்கே அவசரமாக இறங்கியது. கடற்பறவைகளுக்கான சரணாலயம் அது. ஜனங்கள் சில டஜன் பேர்தான்.

ஆங்கரேஜின் ஏற்றமும் இறக்கமும்

ஜெட் விமானம் வந்த பிறகு ஆங்கரேஜுக்கு யோகம் அடித்தது. அமெரிக்காவிலிருந்து ஜப்பான் போகும் விமானங்கள் அங்கே நின்றன. சோவியத் யூனியன் தன் ஆகாயத்தை மூடி வைத்திருந்ததால் ஐரோப்பாவிலிருந்து ஜப்பான் போகும் விமானங்களும் வடதுருவத்தைச் சுற்றி அங்கேயே வந்து நின்றன. ஸ்காண்டிநேவியக் கம்பெனி 1957-ல் கோபன்ஹேகனிலிருந்து ஆங்கரேஜ் வழியாக டோக்கியோவுக்கு இதைத் தொடங்கி வைத்தது.

எரிபொருள் நிரப்பும் ஒரு மணி நேரத்தில் பிரயாணிகள் இறங்கிக் காலாற நடப்பார்கள். கூண்டுக்குள் நிற்கும் பாடம் செய்த துருவக் கரடியைப் பார்ப்பார்கள். தீர்வையில்லாக் கடைகளில் சாமான் வாங்குவார்கள். அங்கே ஓர் 'உடோன்' கடை இருந்தது. உடோன் என்பது ஜப்பானியரின் தடித்த கோதுமைச் சேமியா. பல நாள் ஐரோப்பாவில் ரொட்டி தின்று நாக்கு செத்துப்போன ஜப்பானியருக்கு அந்த ஒரு கிண்ணம் சூடான உடோன் அமிர்தமாக இருந்திருக்கிறது. பல்லாண்டுகள் கழித்தும் அந்தத் தலைமுறை ஜப்பானியர் ஆங்கரேஜ் என்றதும் நினைத்துக்கொண்டது அந்தக் கடையைத்தான்.

1989-ல் போயிங் 747-400 ரக விமானம் ஓடத் தொடங்கியது. நடுவில் நிற்காமல் 13,000 கிலோமீட்டருக்கு மேல் பறக்கக்கூடியது. அதே சமயத்தில் சோவியத் ஆகாயமும் திறந்துவிட்டது. சில ஆண்டுகளுக்குள் ஆங்கரேஜ் நிலையத்தின் சர்வதேசப் பிரயாணிகள் பகுதி வெறிச்சோடியது. நீராவி எஞ்சின் தண்ணீர் பிடிக்க நின்ற ஸ்டேஷன்களின் கதை தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இராது. டீசல் வந்த அன்று வடை விற்றவனும் காபி விற்றவனும் கூடையைத் தூக்கிக்கொண்டு வேறிடம் போனார்கள்.

ஆனால் ஆங்கரேஜ் செத்துவிடவில்லை. சரக்கு விமானங்கள் காப்பாற்றின. பிரயாணிக்கு நடுவில் இறங்குவது எரிச்சல். சரக்குப் பெட்டிக்கு எரிச்சல் கிடையாது. நிற்காமல் பறக்க வேண்டுமானால் டாங்க் நிறைய எண்ணெய் வேண்டும். எண்ணெயின் பாரம் ஏற ஏறச் சரக்கைக் குறைக்க வேண்டும். அந்த எண்ணெயில் கணிசமான பகுதி எண்ணெயைச் சுமக்கவே எரிகிறது! பாதி வழியில் நின்று நிரப்பிக்கொண்டால் பல டன் சரக்கு கூடுதலாக ஏற்றலாம். ஷாங்காய், ஹாங்காங், சியோல் நகரங்களிலிருந்து அமெரிக்கா போகும் சரக்கு விமானங்கள் இதனால்தான் ஆங்கரேஜில் இறங்குகின்றன. 2023-ம் ஆண்டுக் கணக்குப்படி சரக்கு கையாள்வதில் உலகின் முதல் ஐந்து விமான நிலையங்களில் ஒன்று அது.

2022-ல் உக்ரைன் யுத்தத்தை ஒட்டி ரஷ்யா தன் ஆகாயத்தைப் பல நாட்டு விமானங்களுக்கு மூடியபோது, ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோ போகும் பின்லாந்து விமானங்கள் மீண்டும் வடதுருவம் வழியே அலாஸ்கா பக்கம் வந்தன. ஒன்பது மணி நேரப் பிரயாணம் பதின்மூன்று மணி ஆயிற்று. உடோன் சாப்பிட மட்டும் யாரும் இறங்கவில்லை. இன்றைய விமானங்களுக்கு அது தேவையில்லை.

டாங்க் பிரச்சினை தீர்ந்த பின்

அப்படியானால் நிற்காமலே போகக்கூடிய காலத்தில் ஜங்ஷன் எதற்கு?

சீட்டு நிரம்பத்தான். அமெரிக்காவில் பத்து நகரங்கள், ஆசியாவில் பத்து நகரங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் நேராக இணைக்க நூறு சர்வீஸ்கள் வேண்டும். நடுவில் ஒரு ஜங்ஷன் வைத்தால் இருபது போதும். தினமும் டெட்ராயிட்டிலிருந்து மணிலாவுக்கு ஒரு விமானம் நிறைய ஜனங்கள் இருக்கமாட்டார்கள். ஆனால் டெட்ராயிட்டிலிருந்து டோக்கியோ போகும் விமானத்தில் மணிலாக்காரர், பாங்காக்காரர், சிங்கப்பூர்க்காரர் எல்லோரையும் சேர்த்து உட்கார வைக்கலாம்.

டோக்கியோவின் நரிடா விமான நிலையம் பல ஆண்டுகள் இதைச் செய்தது. மத்தியானம் அமெரிக்காவிலிருந்து கிளம்பிய விமானங்கள் மறுநாள் மாலைக்குள் வரிசையாக வந்து இறங்கும். இணைப்பு விமானங்கள் இருட்டியதும் ஆசிய நகரங்களுக்குக் கிளம்பும். ராத்திரி 11 மணிக்கு நிலையத்தைப் பூட்டிவிடுவார்கள் என்பதால் தாமதத்துக்கு இடமே கிடையாது. ஜப்பான் மண்ணிலிருந்து மூன்றாவது நாட்டுக்கு ஜனங்களை ஏற்றிச் செல்ல அமெரிக்கக் கம்பெனிகளுக்கு உரிமை எப்படி வந்தது? யுத்தத்தில் தோற்ற ஜப்பான் 1952-ல் அமெரிக்காவோடு செய்துகொண்ட ஒப்பந்தம் அது. நார்த்வெஸ்ட், பான் அமெரிக்கன் இரண்டும் அனுபவித்தன. பான் அமெரிக்கன் தன் பசிபிக் பாத்தியதையை 1985-ல் யுனைடெட்டுக்கு 75 கோடி டாலருக்கு விற்றது. விமானங்களோடு பறக்கும் உரிமைக்கும் சேர்த்துத்தான் அந்த விலை.

இந்த ஜங்ஷனுக்கு வேறு சிலரும் விலை கொடுத்தார்கள். 1966-ல் சர்க்கார் நரிடாவைத் தேர்ந்தெடுத்தபோது அங்கே பயிர் செய்துகொண்டிருந்த விவசாயிகளை முன்கூட்டிக் கலந்து பேசவில்லை. நிலத்தைத் தரமாட்டோம் என்று அவர்கள் உட்கார்ந்தார்கள். மாணவர்கள் துணைக்கு வந்தார்கள். 1971-ல் நடந்த கைகலப்பில் மூன்று போலீஸ்காரர்கள் செத்தார்கள். 1978 மார்ச்சில், திறப்பு விழாவுக்குச் சில நாள் முன்பு, கிளர்ச்சிக்காரர்கள் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் ஏறிக் கருவிகளை உடைத்தார்கள். விழா மே 20-க்குத் தள்ளிப் போயிற்று. இரண்டாவது ஓடுபாதைக்கு நிலம் கிடைக்காமல், 24 ஆண்டுகள் ஒரே ஓடுபாதையில் காலம் தள்ளினார்கள். 2002-ல் வந்த இரண்டாவதும் குட்டை, 2,180 மீட்டர்தான். 1995-ல் பிரதமர் முராயாமா விவசாயிகளிடம் மன்னிப்புக் கேட்டார்.

கடைசியில் நரிடாவை விட்டுப் போனது யார்? நார்த்வெஸ்ட்டைத் தன்னோடு இணைத்துக்கொண்ட டெல்டா கம்பெனிதான். நகருக்குப் பக்கத்திலுள்ள ஹனேடா நிலையத்தில் இடம் கிடைத்ததும், 2020 மார்ச்சில் நரிடாவைக் காலி செய்துவிட்டது. ஆசியாவில் வண்டி மாறுவதற்கு அது சியோல் பக்கம் திரும்பியது. 2001-ல் திறந்த இஞ்சியோன் விமான நிலையம் இரண்டு தீவுகளுக்கு நடுவே கடலைத் தூர்த்துக் கட்டப்பட்டது. இரவு பகல் எந்நேரமும் விமானம் இறங்கலாம். அதைவிட முக்கியம், அங்கே கொரியன் ஏர் கம்பெனி தன் சொந்த விமானங்களால் ஆசிய நகரங்களையெல்லாம் இணைத்து வைத்திருந்தது. 2018-ல் இரண்டும் கூட்டு வியாபாரம் தொடங்கின. 1952 ஒப்பந்தத்தின் வேலையைக் கூட்டாளி செய்துவிட்டான். இத்தனைக்கும் நரிடா ஜங்ஷன் முழுக்க ஓயவில்லை. 2024-ல் யுனைடெட் அங்கிருந்து பிலிப்பைன்ஸின் சேபு நகருக்கு இணைப்பு விமானம் விட்டது.

அமெரிக்கக் கரையிலுள்ள லாஸ் ஏஞ்சல்ஸ், சான்பிரான்சிஸ்கோ நிலையங்கள் பெரியவைதான். ஆனால் ஆசியாவிலிருந்து வேறு நாட்டுக்குப் போகிறவர் அங்கே வண்டி மட்டும் மாறினாலும் குடியேற்ற அதிகாரியின் முன் நின்றே தீர வேண்டும். விசா இல்லாமல் மாறிப் போகும் சலுகையை 2003 ஆகஸ்டில் நிறுத்திவிட்டார்கள். மெக்சிகோ போக அமெரிக்க விசா! இந்தியப் பாஸ்போர்ட்காரருக்கு இந்தச் சங்கடம் நன்றாகத் தெரியும்.

தென்பசிபிக்கில் ஒரு சின்ன ஜங்ஷன்

பிஜித் தீவின் நாண்டி நிலையம் ஆங்கரேஜின் தென்திசைத் தம்பி. சிட்னியிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸுக்கு நூல் பிடித்தால் அது நாண்டி வழியாகத்தான் போகும். அந்தக் காலத்து ஜெட்டுகள் அங்கே நின்றன. பெரிய விமானங்கள் வந்ததும் தலைக்கு மேலே பறந்து போய்விட்டன. நாண்டி பிழைத்ததற்குக் காரணம், பிஜியின் சொந்த விமானக் கம்பெனி அதையே குடமாக வைத்துக்கொண்டதுதான். ஆஸ்திரேலியா, நியூசிலாந்துப் பக்கம் சிறிய விமானங்கள். அமெரிக்கப் பக்கம் பெரியவை. சுற்றியுள்ள குட்டித் தீவுகளுக்கும் அதுவே வாசல்.

நிலையத்தைச் சுற்றிக் கரும்புத் தோட்டங்கள். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய தமிழர், தெலுங்கர், மலையாளிகளின் பேரப்பிள்ளைகள் அந்த வட்டாரத்தில் இருக்கிறார்கள். நாண்டி ஊருக்குள் சிவசுப்பிரமணிய சுவாமி கோவில் கோபுரத்தோடு நிற்கிறது. 1987-ல் நடந்த ராணுவப் புரட்சிகளுக்குப் பிறகு பிஜி இந்தியர்கள் ஆயிரக்கணக்கில் நாட்டை விட்டுக் கிளம்பினார்கள். ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் போனது போக, பலர் கலிபோர்னியாவிலும் கனடாவின் வான்கூவரிலும் குடியேறினார்கள். பிஜி விமானக் கம்பெனி பசிபிக்கைத் தாண்டி விமானம் விட்ட ஊர்களில் லாஸ் ஏஞ்சல்ஸ், சான்பிரான்சிஸ்கோ, 2022 முதல் வான்கூவர் ஆகியவை அடங்கும். உல்லாசப் பிரயாணிகள் வராத மாதங்களிலும், ஊரில் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் வந்து போகிறவர்கள் அந்த விமானங்களில் இருக்கிறார்கள்.