வீணையில் ஏறிய எறும்பு



கச்சேரி என்று காதில் விழுந்தால் போதும், அடுப்பில் பாலை வைத்ததுகூட மறந்து போகும் ஜாதி நான். பிறந்தது திண்டிவனம், வாழ்க்கைப்பட்டது விழுப்புரம். நடுவே நாற்பது கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் என் வீணை இந்த தூரத்தைக் கடந்த கதை இருக்கிறதே, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அதற்கு முன் ஒரு பாவத்தை ஒப்புக்கொண்டு விடுகிறேன். திந்திரிணி என்றால் புளி. புளிய மரக் காடாக இருந்ததால்தான் எங்கள் ஊருக்குத் திண்டிவனம் என்று பேர். கோயில் சுவாமியும் திந்திரிணீஸ்வரர்தான். இப்படிப்பட்ட ஊரில் வாண்டுகளுக்குப் புளியங்காய்க்கா பஞ்சம்? சுவாமி புறப்பாட்டின்போது நாலைந்து பேராக நாதஸ்வரக்காரருக்கு நேர் எதிரே போய் நின்று, புளியங்காயை நறுக்கென்று கடித்து, கண்ணைச் சுருக்கி 'ஸ்ஸ்' என்போம். அவருக்கு வாயெல்லாம் எச்சில் ஊறிவிடும். சீவாளி என்பது கொறுக்கைத் தட்டையில் செய்வது. அளவாக நனைந்தால்தான் பேசும், அதிகம் நனைந்தால் ஒட்டிக்கொண்டு காற்றே போகாது. பாவம், அவர் ஆலாபனையை நிறுத்திவிட்டு, குழலில் கட்டித் தொங்கும் வேறொரு சீவாளியை எடுத்து மாட்டுவார். தவில்காரர் எங்களைப் பார்த்துக் குச்சியை ஓங்குவார். நாங்கள் சிட்டாய்ப் பறந்துவிடுவோம்.

அந்தப் புளி என்னைச் சும்மா விடவில்லை தோழிகளே!

எனக்கு 1986-ல் வைகாசியில் கல்யாணம். அம்மா தன் ஒற்றை வடச் சங்கிலியை விற்று எனக்கு வாங்கித் தந்த தஞ்சாவூர் வீணையும் சீரோடு சீராகப் புறப்பட்டது. கத்திரி வெயில் கொளுத்துகிறது. பஸ்ஸில் ஏற்றப் போனால், பழைய ஜமுக்காளத்தில் சுற்றியிருந்ததைப் பார்த்துவிட்டுக் கண்டக்டர், "ஆளா, லக்கேஜா?" என்றார். லக்கேஜ்தான் என்றதும் டாப்பில் ஏற்றச் சொல்லிவிட்டார். சுரைக்குடுக்கையை மட்டும் கழற்றித் தனியாகப் பையில் வைத்துக்கொண்டேன். கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி என்று நின்று நின்று ஊர் வந்து சேர்ந்து பிரித்துப் பார்த்தால், ஐயோ! வீணையில் 24 வெண்கல மெட்டுகளும் மெழுகின் மேல்தான் நிற்கும். தேன்மெழுகில் கரி கலந்து செய்வது. வெயிலில் அது இளகி, மெட்டெல்லாம் பல் ஆடின கிழவர் மாதிரி ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து கிடந்தன.

மெழுகைப் புதுசாக வைத்து மெட்டுகளைச் சுருதிக்கு நிறுத்துவதற்கு 'மேளம் கட்டுவது' என்று பேர். புதுப்பெண் நான், பயந்து பயந்து மாமனாரிடம், "மாமா, மேளம் கட்டணும், பணம் வேணும்" என்றேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "கல்யாணந்தான் முடிஞ்சு போச்சேம்மா, இன்னும் இன்னா மேளம்?" என்றாரே பார்க்கணும்! வீடே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். அதோடு பேச்சு முடிந்து, வீணை பரணுக்குப் போய்விட்டது. ரெண்டு வருஷம் விரல் வீணையைத் தொடவே இல்லை. நுனிவிரலில் காய்த்திருந்த தழும்பு மெல்ல மெல்ல மறைந்ததைப் பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பேன். யாரிடம் போய்ச் சொல்ல?

அந்த நாளில் எனக்கு ஆறுதலாக இருந்தது எங்கள் பக்கத்துத் தெருக்கூத்துதான். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் விடிய விடிய நடக்கும். அத்தையும் நானும் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடுவோம். (வானொலியில் 1940-லிருந்து 1971 வரை ஆர்மோனியத்துக்குத் தடை இருந்ததாம். கூத்துக்கு ஏது தடை!) ஒருநாள் கர்ண மோட்சம். கர்ணன் அம்பு பட்டுக் கிடக்கிறார், பெண்களெல்லாம் முந்தானையால் கண்ணைத் துடைக்கிறோம். பெட்டியின் துருத்தியை எலி கடித்திருந்தது போலிருக்கிறது, 'புஸ்ஸ்' என்று ஒரு சத்தம். பெட்டிக்காரர் அவசரமாக வெற்றிலையை வைத்து ஓட்டையை அடைக்கிறார், இன்னும் பெரிசாகப் 'புஸ்ஸ்'! செத்துக்கொண்டிருந்த கர்ணன் எழுந்து உட்கார்ந்து, "இன்னாய்யா, எனக்கு முன்னாடி உன் பெட்டி போயிடுச்சா?" என்றார். அழுத கண்ணோடு சிரித்தோம்.

வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போது அத்தை திடீரென்று, "உன் பொட்டியும் அப்படித்தான் பரண்ல கெடக்குது, இல்ல?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. மறுமாசம் பால் காசில் சேர்த்து வைத்ததை முந்தானை முடிச்சிலிருந்து அவிழ்த்துக் கையில் வைத்தார். மாமாவிடம் மூச்சு விடவில்லை. ஆள் வந்து மேளம் கட்டிவிட்டுப் போனார். சுரைக்குடுக்கையை மட்டும் காணோம்! சத்தம் குடத்திலிருந்துதான் வருகிறது, குடுக்கை தொடையில் தாங்கிக்கொள்ள. ஆனாலும் அது இல்லாமல் மடியில் வீணை நிற்குமா?

நவராத்திரி வந்தது. சரஸ்வதி பூஜையன்று வாசிப்பதாகச் சொல்லிவிட்டேன். திண்டிவனத்திலிருந்து அம்மாவும் வந்துவிட்டாள். அன்று காலை விளக்கெண்ணெய் எடுக்க அடுக்களை மூலைக்குப் போனால், உறியில் தொங்குகிறது என் குடுக்கை! உள்ளே அவரை விதை, பாகல் விதை. "ஏதோ சொரக்குடுக்கைன்னு வெதை போட்டு வெச்சேம்மா. அடியில ஓட்டை இருந்திச்சி, புளிய வெச்சி அடைச்சேன்" என்றார் அத்தை. திருகாணி போகிற ஓட்டை அது! வெறும் புளி இல்லை, நன்றாகப் பிடித்துக்கொள்ள வெல்லமும் சேர்த்துப் பிசைந்திருக்கிறார். அவசர அவசரமாகச் சுரண்டித் துடைத்து மாட்டினேன்.

சாயங்காலம் கொலுவுக்கு முன்னால் இருபது பெண்கள். மோகன வர்ணம் ஆரம்பித்தேன். பல்லவி தாண்டவில்லை, இடது தொடையில் சுரீர்! செவ்வெறும்பு! பொரிகடலைத் தட்டிலிருந்து வரிசை கட்டிக் குடுக்கைக்குள் போய்விட்டு, புடவை வழியாக என்னிடம் வருகிறது. எழுந்திருக்க முடியுமா? ரெண்டு வருஷம் கழித்து வாசிக்கிறேன், அம்மா எதிரே உட்கார்ந்திருக்கிறாள். பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டாம் காலத்துக்குத் தாவினேன். அப்புறம் என்ன காலம் என்று எனக்கே தெரியாது! முடித்ததும் ஒரே கைதட்டல். "என்னா வேகம்!" என்றாள் எதிர்வீட்டு அக்கா. மாமா மட்டும், "இந்த மேளத்தை எப்ப கட்டினே?" என்று கேட்டார். அத்தை சுண்டல் கொடுப்பதில் மும்முரமாகிவிட்டார்.

அடுக்களைக்கு ஓடி வந்த என் பின்னாலேயே வந்தாள் அம்மா. "சரணத்துல மூணு தப்பு. எறும்பா?" என்றாள். மோரை எடுத்துக் கடிபட்ட இடத்தில் தடவினாள்.

அதற்கப்புறம் ஒவ்வொரு நவராத்திரிக்கும் நான் வீணையை எடுக்கும் முன் அத்தை டார்ச் அடித்துக் குடுக்கைக்குள் பார்ப்பார். கடைசி வருஷம் கண் சரியாகத் தெரியாதபோதுகூட விரலை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்ல, வாசி" என்றார்.

இப்போது பேத்தி கற்றுக்கொள்கிறாள். வாங்கித் தந்த புது வீணையில் குடுக்கை ஃபைபர். விதை போட்டு வைக்க லாயக்கில்லை. பழைய குடுக்கை இன்னும் உறியில்தான் இருக்கிறது, அவரை விதையோடு.

- ஒரு வாசகி, விழுப்புரம்.