உங்களுக்குத் தெரியுமா? வீராம்பட்டினத்தில் ஓர் ஆசியக் குருமடம்

செங்கழுநீர் அம்மன் தேருக்குப் பேர்போன புதுச்சேரி வீராம்பட்டினத்தில், 1770இல் வியட்நாம் முதலிய கீழை நாட்டு இளைஞர்கள் குருத்துவம் பயின்றார்கள். உள்ளூர்த் திருச்சபையை உள்ளூர்க்காரர்களே வழிநடத்த வேண்டும் என்பதற்காக, பாரிஸ் அயல்நாட்டு மறைபரப்புச் சபையினர் 17ஆம் நூற்றாண்டில் சயாமில் தொடங்கிய குருமடம் அது. போராலும் தாக்குதலாலும் இடம்பெயர்ந்து, கடல்கடந்து இங்கே வந்தது.

அதை நடத்திய பிஞ்ஞோ தெ பெஹேன் அடிகளார், அந்த மாணவர்களின் துணையோடு வியட்நாமிய-லத்தீன் அகராதி ஒன்றைத் தொகுத்தார். எத்தனை அரிய உழைப்பு! 1774இல் மயிலை சாந்தோமில் அவர் ஆயராகத் திருநிலை பெற்றார். குருமடம் பின்னர் மூடப்பட்டு, 1808இல் பினாங்கில் மறுபடி வேர்விட்டது.

உள்ளூர்த் திருச்சபையை உள்ளூர்க்காரர்களே வழிநடத்த வேண்டும் என்ற அந்த எண்ணம் புதுவைக்கும் பலன் தந்தது. ஆயர் பொன்னான் 1844இல் இங்கே கூட்டிய மறைமாமன்றம், தமிழ்க் குருக்களை உருவாக்குவதையே முதன்மைப் பணிகளுள் ஒன்றாக வைத்தது.