துண்டு வெட்டிய பிறகு

காலை வாட் ரவுண்ட் முடிந்து கொஞ்ச நேரத்தில் தொலைபேசி அடிக்கும். "அம்மாவுக்குத் துண்டு வெட்டியாச்சு, கூட்டிக்கொண்டு போகலாமாம்." கொழும்பு தேசிய வைத்தியசாலையில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட கட்டில்கள் இருந்தும் நெருக்கடி தீர்வதில்லை. அம்மா எழும்ப முதலே அடுத்த நோயாளி வந்து நிற்பார். மகன் அரைநாள் லீவு போட்டு, ஓட்டோ பிடித்து, லிப்டன் சுற்றுவட்டம், யூனியன் பிளேஸ் வழியாகக் கொம்பனித்தெருவுக்குக் கொண்டுவந்து சேர்ப்பார். ஏறத்தாழ இரண்டு கிலோமீற்றர். அதுவரை எல்லாம் சரி.

வீட்டு வாசலில்தான் சிக்கல். பழைய சந்துகளில் எஞ்சியிருக்கும் வீடுகளில் படுக்கை மேல்மாடியில், கழிவறை கீழே, நடுவில் ஒருவர் மட்டும் ஏறக்கூடிய செங்குத்தான படி. 2010 இல் இங்குள்ள மியூஸ் வீதி வீடுகள் இடிக்கப்பட்ட காலத்திலிருந்து இந்தப் பகுதியின் பல குடும்பங்கள் அடுக்குமாடிகளுக்கு மாறிவிட்டன. அங்கே லிப்ட் பழுதானால் நடக்க முடியாதவரை நாலு பேர் கதிரையோடு தூக்க வேண்டும். இதெல்லாம் வாட்டில் இருக்கும் டொக்டருக்கு எப்படித் தெரியும்? நாம்தான் சொல்ல வேண்டும்: எத்தனை படி, கழிவறை எங்கே, பகலில் வீட்டில் யார். இடுப்பெலும்பு முறிந்தவருக்கு எந்தப் பயிற்சி, எந்த ஊன்றுகோல் என்பதை இந்தப் பதில்கள்தான் தீர்மானிக்கும்.

ஆகவே வீட்டுக்குப் போகும் திட்டத்தைத் துண்டு வெட்டும் நாளில் தொடங்கினால் பிந்திவிட்டது என்று அர்த்தம். அனுமதித்த இரண்டாம் மூன்றாம் நாளிலேயே, "எப்போது விடுவீர்கள்?" என்பதோடு "விடும்போது எந்த நிலையில் இருப்பார்?" என்றும் கேட்க வேண்டும். இரண்டாவது கேள்விதான் முக்கியம். பெரும்பாலும் கேட்கப்படாமல் போவதும் அதுதான்.

பாரிசவாதம் வந்து மூக்குக் குழாயோடு வீடு திரும்புபவரை எடுத்துக்கொள்வோம். உணவு கொடுக்க முன் குழாய் நகர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தலைப்பக்கத்தை நன்றாக உயர்த்தி, மெதுவாக விட்டு, பிறகும் அரை மணி நேரமாவது அப்படியே வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் உணவு நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரலாம். சிறுநீர்ப் பை இடுப்புக்குக் கீழேதான் தொங்க வேண்டும். தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை போலப் புரட்டிவிட வேண்டும். முதலில் சிவப்பது முள்ளந்தண்டின் அடியும் குதிக்காலும். இவற்றைத் தாதி, அதாவது வாட்டு மிஸ், செய்வதை நின்று பார்த்தால் போதாது. மிஸ் பார்த்திருக்க நாம் ஒருமுறை செய்து காட்ட வேண்டும், வீட்டில் செய்யப்போகிறவரே வந்து. மூத்த மகன் வாட்டில் கற்றுக்கொள்ள, வீட்டில் மருமகள் குழாயைப் பிடித்துக்கொண்டு திகைப்பது நம் வீடுகளில் வழமை.

அடுத்தது, விடும்போது கையில் தரும் டயக்னோசிஸ் கார்ட். அது ஆங்கிலத்தில் இருக்கும், மிஸ் சிங்களத்தில் விளக்குவார், அம்மாவுக்குத் தமிழ். இந்த மூன்று மொழிக்கு நடுவில் குளிசைகள் தடுமாறும். வீட்டு அலுமாரியில் ஒரு கம்பனிப் பெயரோடு லொசார்டன் இருக்கும். வைத்தியசாலை தந்த பொட்டலத்திலோ மருந்தின் சொந்தப் பெயர். இரண்டையும் போட்டால் பிரஷர் விழும், இரவில் கழிவறைக்கு எழும்பும்போது ஆளும் விழுவார். பழைய குளிசைகளை ஒரு பையில் போட்டு வாட்டுக்கே கொண்டுபோய், எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று கேட்டு, தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். வெளியில் வாங்கச் சொன்னவை லிப்டன் சுற்றுவட்டத்து அரச மருந்தகமான ஒசுசலவில் கிடைக்குமா என்று அன்றே பார்த்துவிடுவது நல்லது.

பார்த்துக்கொள்ள ஆள்? வெள்ளவத்தைப் பெற்றோரின் பிள்ளைகள் பலர் கனடாவிலும் லண்டனிலும். காசு வரும், கை வராது. கொம்பனித்தெருவில் கை இருக்கும், அது தினக்கூலிக்குப் போகும் கை. 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் பெற்றோரைப் பிள்ளைகள் கைவிடக்கூடாது என்கிறது. கைவிடப்பட்டவர் பராமரிப்புச் சபையிடம் முறையிடலாம். ஆனால் வேலைக்குப் போகாமல் அம்மாவைப் புரட்டும் மகளுக்கு அன்றைய சம்பளத்தைச் சட்டம் தராது.

அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலம் 2014 இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது: வீட்டில் பராமரிப்பவரின் பெயரை வைத்தியசாலை பதிய வேண்டும், விடுவிப்பதை அவருக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும், செய்ய வேண்டியதைக் கற்றுக்கொடுக்க வேண்டும். பல மாநிலங்கள் பின்தொடர்ந்தன. தமிழ்நாட்டில் 2021 ஓகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், நீரிழிவு மாத்திரைகளோடு இயன்முறைச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகிறது. இலவச மருத்துவத்தில் பெயரெடுத்த நம் நாட்டில் அந்த இலவசம் பெரும்பாலும் வைத்தியசாலை கேற்றோடு நின்றுவிடுகிறது. ஒக்லஹோமா செய்ததைப் போலத் தொடங்கப் பெரிய பணம் தேவையில்லை. நோயாளியின் டிக்கட்டில் பராமரிப்பவரின் பெயரை எழுதினால் போதும்.

அதுவரை குடும்பமே ஒருவரைப் பொறுப்பாக்கி, அவருடைய பெயரையும் தொலைபேசி எண்ணையும் வாட்டில் கொடுத்து வைக்கலாம். காய்ச்சல், மூச்சிரைப்பு, திடீர்க் குழப்பம், சிறுநீர் வராமை என்றால் காத்திருக்காமல் திரும்பப் போக வேண்டும். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் அவசரத்துக்கு வரும், கிளினிக்குக்கு வராது. கிளினிக் திகதிக்கு முதல் நாளே படியில் இறக்கப் பக்கத்து வீட்டில் இரண்டு பேரைச் சொல்லி வைத்துவிடுங்கள்.