சர்க்கரை ஏறும் முன்பே விழித்துக்கொள்வோம்

சரக்கு இருப்பு, வரவேண்டிய பாக்கி, கட்டவேண்டிய வட்டி என எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்திருக்கும் நாம், நம் உடம்பின் கணக்கை மட்டும் பார்ப்பதே இல்லை. காலை 6 மணிக்குக் கடை திறந்து இரவு 10 மணிக்கு அடைக்கும் வணிகர்களிடையே சர்க்கரை நோய் சாதாரணமாகிவிட்டது. ஆனால் அந்நோய் ஒரே நாளில் வருவதில்லை. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே 'இன்சுலின் எதிர்ப்பு' என்னும் நிலை ஆரம்பமாகிவிடுகிறது. அப்போதே கவனித்தால் நோயைத் தள்ளிப்போடலாம். பலர் தடுத்துக்கொள்ளவும் முடியும்.

இன்சுலின் எதிர்ப்பு என்றால் என்ன?

நாம் உண்ணும் சோறும் இட்லியும் இனிப்பும் குளுக்கோஸாக மாறி இரத்தத்தில் கலக்கின்றன. அதைத் தசைகளுக்குள் சேர்ப்பது கணையத்தில் சுரக்கும் இன்சுலினின் வேலை. கல்லீரல் தேவைக்கு மேல் குளுக்கோஸை வெளிவிடாமல் கட்டுப்படுத்துவதும் அதுவே.

நம் தொழிலை வைத்தே சொல்வதானால், சரக்கு லாரி கிடங்கு வாசலில் நிற்கிறது. கிடங்கின் பூட்டு துருப்பிடித்துவிட்டது. ஓர் ஆள் திறக்கவேண்டிய பூட்டை மூன்று, நான்கு ஆட்கள் சேர்ந்து திறக்கிறார்கள். சரக்கு இறங்கிவிடுவதால் வெளியே குறை தெரிவதில்லை. கூலி மட்டும் ஏறுகிறது. அதேபோல் கணையம் கூடுதலாக இன்சுலினைச் சுரந்து சமாளிக்கும்வரை இரத்தச் சர்க்கரை சரியாகவே காட்டும். கணையம் களைத்துப்போகும்போதுதான் சர்க்கரை ஏறத் தொடங்குகிறது.

வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பு, நாள் முழுதும் உட்கார்ந்திருத்தல், தூக்கக் குறைவு, புகையிலை, பரம்பரை ஆகியவை இதற்கு முக்கியக் காரணங்கள். கை கால் ஒல்லியாக இருந்து வயிறு மட்டும் முன்தள்ளிய உடல்வாகு நம்மவரிடையே அதிகம். எனவே "நான் குண்டாக இல்லையே" என்று இருந்துவிட வேண்டாம்.

கண்டுகொள்வது எப்படி?

முதல் சோதனைக்கு ஓர் அளவு நாடா போதும். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் எச்சரிக்கை. பிடரியிலும் அக்குளிலும் தோல் கறுத்துத் தடித்திருப்பது இன்னோர் அறிகுறி. இரத்தச் சோதனையில் ட்ரைகிளிசரைடு கூடுதலாகவும் நல்ல கொழுப்பு குறைவாகவும் இருந்தால் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 முதல் 125 வரை அல்லது எச்.பி.ஏ.1.சி. 5.7 முதல் 6.4 வரை இருந்தால், அது சர்க்கரை நோய்க்கு முந்தைய படி. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வின் மதிப்பீட்டின்படி, நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். மேலும் 13 கோடிக்கும் அதிகமானோர் இந்த முந்தைய படியில் இருக்கிறார்கள்.

கல்லாவில் இருந்தபடியே செய்யக்கூடியவை

தேநீர்க் கணக்கிலிருந்து தொடங்குவோம். நாளைக்கு 6 தேநீர், ஒவ்வொன்றிலும் 2 கரண்டி சர்க்கரை என்றால் 12 கரண்டி. சிறு கரண்டி 4 கிராம் என வைத்தாலும் நாளைக்கு 48 கிராம். மாதத்திற்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ! நாட்டுச் சர்க்கரை, வெல்லம், தேன் என்று மாற்றினாலும் கணக்கு பெரிதாக மாறாது. தேநீரைக் குறைப்பதும் சர்க்கரையைப் படிப்படியாக நிறுத்துவதுமே வழி.

வடை, பஜ்ஜிக்குப் பதில் நம் கடையிலேயே இருக்கும் கொண்டைக்கடலையையும் பாசிப்பயறையும் சுண்டலாக்கிச் சாப்பிடலாம். மதியத் தட்டில் சோற்றைக் குறைத்துக் காய்கறி, பருப்பு, முட்டை அல்லது மீனைக் கூட்டலாம். சிறுதானியமும் மாவுச்சத்துதான், அதிலும் அளவு வேண்டும். கடை அடைத்தபின் வயிறு நிறையச் சாப்பிட்டு உடனே படுப்பதைத் தவிர்த்து, 8 மணிக்கே கடையில் எளிதாகச் சாப்பிட்டுவிடலாம்.

உழைக்கும் தசை இன்சுலினின் உதவி அதிகம் இல்லாமலே குளுக்கோஸை எடுத்துக்கொள்ளும். ஆகவே சாப்பிட்டபின் 10, 15 நிமிடம் நடப்பது நல்ல பலன் தரும். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நாமே சரக்கை எடுத்துக் கொடுப்போம். வாரத்தில் 5 நாள், நாளைக்கு 30 நிமிட வேக நடை அவசியம்.

பலன் உண்டா?

உண்டு. சென்னை மருத்துவர்கள் முன்னின்று நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், முந்தைய படியில் இருந்த 531 பேர் பங்கேற்றனர். மூன்றாண்டில், பொதுவான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 100-க்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது; உணவும் நடையும் மாற்றச் சொல்லித் தொடர்ந்து கவனிக்கப்பட்டவர்களில் 100-க்கு 39 பேருக்கே வந்தது.

ஓர் எச்சரிக்கை: ஏற்கெனவே மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேளாமல் உணவைக் குறைக்கக் கூடாது, சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடும். பிறருக்கு எழுதிய மாத்திரையை வாங்கி விழுங்கவும் கூடாது.

நம் கடைகளில் பல ஒருவர் உழைப்பில் ஓடுபவை. அவர் படுத்துவிட்டால் கடையும் பாக்கி வசூலும் பிள்ளைகளின் படிப்பும் சேர்ந்து நின்றுவிடும். ஆண்டுக் கணக்கு முடிக்கும் மாதத்திலேயே, 30 வயது தாண்டிய ஒவ்வொரு வணிகரும் தம் இல்லத்தரசியுடன் இடுப்பளவையும் இரத்தச் சர்க்கரையையும் பார்த்துப் பேரேட்டின் முதல் பக்கத்தில் குறித்து வைக்கும் வழக்கத்தை ஏற்படுத்திக்கொள்வோம்.