சிறிதளவு தேய்ந்த நாணயங்களைத் தரம்பிரித்தல்: பழனி மலை வட்டாரத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

நாணயச் சேகரிப்பில் மிகுதியான கருத்து வேறுபாட்டிற்கு உள்ளாவது சிறிதளவே தேய்ந்த நாணயமாகும். அதனைப் புழங்காத நாணயத்தோடு சேர்ப்பதா, புழங்கிய நாணயத்தோடு சேர்ப்பதா என்பதில் சேகரிப்பாளர்கள் ஒருமித்த முடிவுக்கு வருவதில்லை. எடை, சட்டம், தோற்றம் என்னும் மூன்று அளவுகோல்கள் வெவ்வேறு நோக்கங்களுக்காக உருவானவை என்பதே இவ்வேறுபாட்டிற்குக் காரணம் என்பதையும், காசின் தேய்வு வரலாற்றுச் சான்றாகவும் அமைகிறது என்பதையும் பழனி மலையடிவாரக் காசுக்குவியல் ஒன்றை முன்வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: நாணயவியல், தேய்மானம், தரம்பிரித்தல், வண்ணக்கன், வாசி, கலையமுத்தூர்.

முன்னுரை

கையிலிருந்து கைக்கு மாறும் காசு, ஒவ்வொரு மாற்றத்திலும் கண்ணுக்குத் தெரியாத அளவில் உலோகத்தை இழக்கிறது. முதலில் தேய்வது உருவத்தின் மேடான பகுதி. அரசரின் கன்னம், காதின் மேலுள்ள கூந்தல், மகுடத்தின் விளிம்பு ஆகியன மங்கிய பிறகே பள்ளமான பகுதிகளும் எழுத்துகளும் மங்கத் தொடங்கும். முற்றிலும் தேய்ந்த காசைத் தரம்பிரிப்பதில் சிக்கல் இல்லை. மேடுகளில் மட்டும் மெருகு குறைந்து, ஏனைய பகுதிகள் அச்சிட்ட நாளின் பொலிவோடு விளங்கும் காசே சிக்கலுக்கு இடமாகிறது. விலை வேறுபாடு பெரிதாக அமைவதும் இந்த எல்லையில்தான்.

நோட்டம் பார்த்தலின் தமிழ் மரபு

காசின் தரத்தை மதிப்பிடுதல் தமிழகத்திற்குப் புதிதன்று. வடம வண்ணக்கன் பேரிசாத்தனார், புதுக்கயத்து வண்ணக்கன் கம்பூர்கிழான் எனச் சங்கப் புலவர் சிலரின் பெயர்களில் 'வண்ணக்கன்' என்னும் சொல் இடம்பெறுகிறது. இச்சொல் பொன்னையும் காசையும் நோட்டம் பார்ப்பவனைக் குறிக்கும். பொதினி எனச் சங்க இலக்கியம் சுட்டும் பழனியை ஆவியர் குடியினர் ஆண்ட காலத்திலேயே இத்தொழில் தமிழ்நாட்டில் தனிப்பெயர் பெற்றிருந்தது என்பதை இதனால் அறியலாம்.

குறையுள்ள காசை மாற்றும்போது கழிக்கப்படும் வட்டத்திற்கு 'வாசி' என்று பெயர். திருவீழிமிழலையில் பஞ்சம் நேர்ந்தபோது திருநாவுக்கரசர் பெற்ற காசு வாசியின்றி ஏற்கப்பட்டது என்றும், திருஞானசம்பந்தர் பெற்ற காசுக்கு வாசி கேட்கப்பட்டது என்றும் பெரியபுராணம் கூறும். அக்குறை நீங்கச் சம்பந்தர் பதிகம் பாடினார் என்பது மரபு. சோழர் காலக் கல்வெட்டுகள் 'அன்றாடு நற்காசு', 'பழங்காசு' எனக் காசுகளை வேறுபடுத்திக் குறிக்கின்றன. இவற்றிலெல்லாம் மதிப்பீட்டின் நோக்கம் ஒன்றே: இக்காசில் எவ்வளவு நல்ல பொன் உள்ளது என்பதை அறிதல்.

எடை என்னும் அளவுகோல்

பழனியை அடுத்த கலையமுத்தூரில் 1856ஆம் ஆண்டு 63 உரோமப் பொற்காசுகள் கிடைத்தன. இராபர்ட் சீவெல் 1904ஆம் ஆண்டு வெளியிட்ட, இந்தியாவில் கிடைத்த உரோமக் காசுகள் பற்றிய தொகுப்பில் இவ்வூர்ப் பெயர் 'கலியம்பத்தூர்' என்பதாக ஒலிக்கும் எழுத்துக்கூட்டலில் இடம்பெறுகிறது.

உரோமப் பொற்காசின் எடை எல்லாக் காலத்திலும் ஒன்றாக இருக்கவில்லை. அகஸ்டஸ் காலத்தில் ஏறத்தாழ 7.8 கிராமாக இருந்த எடை, கி.பி. 64ஆம் ஆண்டளவில் நீரோ செய்த மாற்றத்தால் ஏறத்தாழ 7.3 கிராமாகக் குறைந்தது. இதனால் ஒரு முரண் தோன்றுகிறது. பல்லாண்டு புழங்கிச் சிறிது தேய்ந்து 7.6 கிராம் நிறுக்கும் பழைய காசு, அன்றே அச்சிட்ட நீரோ காசைவிடக் கூடுதலான பொன் உடையது. தராசு வைத்திருக்கும் வண்ணக்கன் தேய்ந்த காசையே உயர்ந்தது என்பான். இன்றைய சேகரிப்பாளரோ தேயாத நீரோ காசையே உயர்ந்த தரத்தில் வைப்பார். இருவருமே தத்தம் நோக்கில் சரியானவர்கள்.

புதுக்கோட்டைப் பகுதியின் கறுக்காக்குறிச்சியில் 1898ஆம் ஆண்டு கிடைத்த 501 உரோமப் பொற்காசுகளில் பெரும்பாலானவற்றின் முகப்பில் அரசர் தலைமீது உளியால் வெட்டிய தழும்பு உள்ளது. அவற்றை ஆராய்ந்த ஜி.எஃப். ஹில், மிகுதியாகத் தேய்ந்த காசுகளைப் புழக்கத்திலிருந்து விலக்கவே அவ்வாறு வெட்டியிருக்கலாம் எனக் கருதினார். அயல்நாட்டு அரசரின் அதிகாரத்தை மறுப்பதற்காக வெட்டினர் என்றும், உள்ளே பொன்தானா என்று சோதிக்க வெட்டினர் என்றும் வேறு விளக்கங்கள் உள்ளன. ஹில்லின் விளக்கம் பொருந்துமாயின், 'இதற்குமேல் தேய்ந்தால் ஏற்பதில்லை' என்னும் எல்லைக்கோடு ஒன்று அன்றே வகுக்கப்பட்டிருந்தது எனலாம்.

சட்டம் என்னும் அளவுகோல்

ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்து வெள்ளி ரூபாயின் நிறை 180 கிரெயின், அதாவது ஏறத்தாழ 11.66 கிராம். பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. 1906ஆம் ஆண்டு நாணயச் சட்டத்தின்படி, உரிய நிறையில் 2 விழுக்காட்டிற்கு மேல் குறையாத ரூபாயே எவரும் மறுக்கவியலாத செல்லுபடிக் காசு. ஏறத்தாழ 0.23 கிராம் இழப்பு வரை சட்டம் பொறுத்துக்கொண்டது. இவ்வளவுகோலின்படி, சிறிதளவு தேய்ந்த ரூபாயும் தேயாத ரூபாயும் ஒன்றே. சேகரிப்பாளரின் கருத்து வேறுபாடு முழுவதும் சட்டம் கண்டுகொள்ளாத இந்தச் சிறிய இடைவெளிக்குள் அடங்கிவிடுகிறது.

தோற்றம் என்னும் அளவுகோல்

இன்று உலகெங்கும் வழங்கும் எண்முறையை வில்லியம் ஷெல்டன் 1949ஆம் ஆண்டு அமெரிக்கப் பெரிய செப்புச் சென்ட் காசுகளுக்காக வகுத்தார். 1 முதல் 70 வரையிலான அவ்வெண்கள் தொடக்கத்தில் விலை விகிதத்தைக் காட்டுவதற்காக அமைந்தவை. 1986இல் பி.சி.ஜி.எஸ்., 1987இல் என்.ஜி.சி. ஆகிய தரநிர்ணய நிறுவனங்கள் தோன்றிய பின் அவ்வெண்முறை பிற காசுகளுக்கும் பரவியது. அதன்படி 60 முதல் 70 வரை புழங்காத காசு. 50, 53, 55, 58 ஆகியன ஏறத்தாழப் புழங்காத காசு. 40, 45 ஆகியன மிக நன்று எனப்படும் நிலை.

இவற்றுள் 58 என்னும் எண்ணே பெரும் விவாதத்திற்கு உரியது. மேடுகளில் மெல்லிய உரசல் மட்டும் கொண்ட 58ஆம் தரக் காசு, பார்வைக்கு மிக அழகாக இருக்கக்கூடும். தேய்வே இல்லாவிடினும், பைகளில் பிற காசுகளோடு மோதித் தழும்புகள் நிறைந்த 60ஆம் தரக் காசு அழகு குன்றியிருக்கக்கூடும். தேய்வு சிறிதேனும் இருந்தால் அது புழங்கிய காசே என்பது ஒரு சாராரின் உறுதியான கருத்து. மொத்தத் தோற்றமே முதன்மையானது, உரசல் ஒன்றை மட்டும் கொண்டு காசைத் தாழ்த்தலாகாது என்பது மறுசாராரின் கருத்து. பெட்டியின் இழுப்பறையில் அசைந்து உண்டான உரசலைப் புழக்கத் தேய்வாகக் கொள்ளலாமா என்பதிலும் இவ்விரு சாராரும் வேறுபடுகின்றனர்.

தேய்வையும் தேய்வு போலத் தோன்றுவதையும் பிரித்தறிதல்

இவ்விவாதத்தில் இறங்கும் முன், காண்பது தேய்வுதானா என உறுதி செய்தல் வேண்டும். விக்டோரியா உருவம் பொறித்த 1862ஆம் ஆண்டு ரூபாயை எடுத்துக்கொள்ளலாம். அவ்வாண்டெண்ணே 1874க்கு முன்வரை தொடர்ந்து பொறிக்கப்பட்டதால் அது பேரளவில் கிடைக்கிறது. அதில் கன்னமும் கூந்தலும் தெளிவற்றிருந்தால் இரு காரணங்கள் இருக்கலாம். அச்சின் பள்ளத்துள் உலோகம் முழுமையாக ஏறாமை ஒன்று. புழக்கத் தேய்வு மற்றொன்று. விளக்கின்கீழ் காசைச் சாய்த்துச் சுழற்றினால், அச்சுக் குறையுள்ள இடத்தின்மீதும் ஒளிக்கீற்று இடையறாது ஓடும். தேய்ந்த இடத்தில் அக்கீற்று அறுந்து, சாம்பல் நிறத் திட்டு தோன்றும்.

நிறமாற்றத்தையும் தேய்வு எனக் கொள்ளுதல் கூடாது. பழனி வெயில் மிகுந்த அடிவாரம். கொடைக்கானலோ கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் மூடுபனியும் ஈரமும் சூழ்ந்த ஊர். ஒரே தரமுடைய இரு காசுகளை இவ்விரு ஊர்களிலும் பாதுகாப்பின்றி வைத்தால், மலைமேல் உள்ள வெள்ளி விரைவில் கறுக்கும். செம்பில் பச்சைக் களிம்பு ஏறும். இது வேதிமாற்றமே, புழக்கத்தால் வந்த தேய்வு அன்று. கறுப்பை நீக்கப் புளியோ சாம்பலோ இட்டுத் துலக்கினால் மேற்பரப்பின் மெல்லிய படலம் நீங்கிவிடும். எவ்வளவு தேய்ந்திருந்தது என்பதைப் பின்னர் எவராலும் கூறவியலாது.

தமிழகப் பழங்காசுகளுக்கு எண்முறை நேரடியாகப் பொருந்துவதுமில்லை. இராசராசன் காலச் செப்புக்காசுகள் கையால் அடித்து அச்சிடப்பட்டவை. அச்சு விலகியதால் 'ஸ்ரீ ராஜராஜ' என்னும் நாகரி எழுத்துகளில் சில, காசில் பதியாமலே போயிருக்கும். பதியாத எழுத்தைத் தேய்ந்த எழுத்தாக எண்ணித் தரம் குறைத்தல் தவறாகும்.

தேய்வு வரலாற்றுச் சான்றாதல்

ஒரு காசுக்குவியல் புதைக்கப்பட்ட காலத்தைக் கணிக்க, அதிலுள்ள மிகப் பிந்திய காசை ஆய்வாளர் நாடுவர். அக்காசு தேயாதிருந்தால், அச்சிட்ட சில ஆண்டுகளிலேயே குவியல் புதைக்கப்பட்டிருக்கலாம். நன்கு தேய்ந்திருந்தால், இடைப்பட்ட காலம் நீண்டதாகும். கலையமுத்தூர் போன்ற இடங்களில் கிடைக்கும் காசுகளைக் கண்டெடுத்தவுடன் துலக்கிவிட்டால் விலையோடு இச்சான்றும் அழிகிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் விதிக்கிறது. காசு துலக்கப்படாமல் அதே நிலையில் ஒப்படைக்கப்படும்போதுதான் ஆய்வுக்கு முழுப்பயன் கிட்டும்.

நிறைவுரை

வண்ணக்கன் பொன்னை அளந்தான். சட்டம் செல்லுபடியை அளந்தது. சேகரிப்பாளர் முகப்பொலிவை அளக்கிறார். 'சிறிதளவு தேய்ந்தது' என்னும் ஒரே தொடர் இம்மூவரிடமும் மூன்று பொருள் தருகிறது. ஆதலால் வெறும் எண்ணை மட்டும் குறிப்பதினும், காசின் எடை, தேய்ந்த இடங்கள், மெருகு எஞ்சிய பகுதிகள், அச்சுக் குறை, நிறமாற்றம், கிடைத்த இடம் ஆகியவற்றைத் தனித்தனியே பதிவு செய்தலே ஏற்ற முறையாகும். எண்ணைப் பற்றிய கருத்து நாளை மாறலாம். கண்டதைக் கண்டவாறு எழுதிய பதிவு எக்கருத்தினருக்கும் பயன்படும்.