மனச்சோர்வும் மாத்திரையும்

கால் மரத்துப் போவதை நாம் அறிவோம். உள்ளமும் மரத்துப் போகுமா? போகும். பிள்ளை முதல் மதிப்பெண் பெற்றாலும் மகிழ்ச்சி தோன்றாது. நெருங்கியவர் இறந்தாலும் கண்ணீர் வராது. மனச்சோர்வு நோயின் அறிகுறிகளுள் இஃது ஒன்று. அந்நோய்க்குத் தரப்படும் மாத்திரைகளாலும் பலருக்கு இந்நிலை ஏற்படுவதுண்டு என்பதே வியப்பு. அவ்வாறாயின் மாத்திரையை நிறுத்திவிடலாமா? விடை காணுமுன், மாத்திரை உடலில் செயற்படும் முறையைப் பார்ப்போம்.

மருந்தின் அரை ஆயுட்காலம்

கதிரியக்கப் பொருள்களின் அரை ஆயுட்காலம் பற்றி மாணவர்கள் படித்திருப்பர். மருந்துக்கும் அத்தகைய காலம் உண்டு. கல்லீரலும் சிறுநீரகமும் செயற்பட்டு, குருதியில் உள்ள மருந்து பாதியாகக் குறைவதற்கு ஆகும் நேரமே அது. பரவலாகத் தரப்படும் செர்ட்ராலின், எசிட்டலோப்ராம் ஆகியவற்றுக்கு இது ஏறத்தாழ ஒரு நாள். ஃபுளுவாக்செட்டினுக்குப் பல நாள்கள்.

ஒரு மாத்திரையில் 100 அலகு மருந்து உள்ளது, அதன் அரை ஆயுட்காலம் ஒரு நாள் எனக் கொள்வோம். இன்றைய 100 நாளை 50 ஆகும். அடுத்த மாத்திரையுடன் சேர்ந்து 150. பின்னர் 175, 187.5 என வளர்ந்து, 200ஐ நெருங்கி நின்றுவிடும். வரவும் செலவும் சமமாகும் நிலை அது.

மூளையின் வேகம்

அப்படியானால் ஒரு வாரத்தில் மனம் தெளிய வேண்டுமன்றோ? தெளிவதில்லை. பயன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரங்கள் ஆகின்றன. நரம்பணுக்களிடையே செய்தி கொண்டு செல்லும் செரோடோனின் மீண்டும் உறிஞ்சப்படுவதை இம்மருந்துகள் முதல் நாளிலேயே தடுக்கத் தொடங்குகின்றன. ஆனால் நரம்பணுக்கள் அதற்கேற்பத் தம்மைத் திருத்தியமைத்துக்கொள்ள நாளாகிறது. குறைந்துபோன செரோடோனினை நிரப்பினால் நோய் தீரும் என்ற பழைய விளக்கம் போதாது என்பதையும் இத்தாமதம் காட்டுகிறது. மருந்தின் அளவு நாள் கணக்கில் மாறுகிறது; மூளையோ வாரக் கணக்கில் மாறுகிறது.

திடீரென நிறுத்தினால்

அஞ்செட்டி போன்ற மலையூர்களிலிருந்து மனநல மருத்துவரைக் காண வெளியூருக்குப் பேருந்து ஏற வேண்டும். ஒரு நாள் கூலி போகும். மாத்திரை தீர்ந்ததும், அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் எனத் தள்ளிப்போடுவோர் உண்டு. அதற்குள் 200 அலகாக இருந்த மருந்து ஐந்தே நாளில் 6 அலகாகச் சரிந்துவிடும். பழைய அளவுக்குப் பழகிய மூளை அவ்வேகத்திற்கு ஈடுகொடுக்க இயலாது. தலைச்சுற்றல், உறக்கமின்மை, எரிச்சல், தலைக்குள் மின்னதிர்ச்சி பாய்வது போன்ற உணர்வு ஆகியன தோன்றலாம். மாத்திரைக்கு அடிமையாகிவிட்டோமோ என்று சிலர் அஞ்சுவர். இது போதைப் பொருளை நாடும் வேட்கை போன்றதன்று. அளவு விரைந்து குறைந்ததன் விளைவு. மருத்துவர் சொற்படி படிப்படியாகக் குறைத்தால் இத்தொல்லை பெரிதும் தணியும்.

நோயா, மருந்தா?

மனம் மரத்தது எதனால் என அறியக் காலவரிசை துணைபுரியும். மாத்திரைக்கு முன்பே அந்நிலை இருந்து, துயரமும் தொடருமானால், நோய் இன்னும் தணியவில்லை எனக் கருதலாம். துயரம் நீங்கியபின் அழுகையும் சிரிப்பும் ஒருங்கே வராமற்போனால், அதுவும் மருந்தளவைக் கூட்டியபின் என்றால், மருந்தை ஐயுறலாம். அளவைக் குறைப்பதோ மருந்தை மாற்றுவதோ மருத்துவரின் முடிவு. ஆய்வகக் குறிப்பேட்டைப் போல் தேதி, மருந்தளவு, உறக்கம், மனநிலை ஆகியவற்றை எழுதிச் சென்றால் அம்முடிவு எளிதாகும்.

இளைஞர் சிலருக்குத் தொடக்க வாரங்களில் தற்கொலை எண்ணம் மிகுவதுண்டு. அதை மறைக்காமல் வீட்டாரிடமும் மருத்துவரிடமும் உடனே கூற வேண்டும்.

1974இல் உருவான நிமான்ஸ் நிறுவனம், ஓசூர் எல்லைப் பகுதியினருக்கு அண்மையிலுள்ள பெங்களூரில் இருக்கிறது. பயணம் இயலாதோர், 2022இல் தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். மாத்திரை ஒரு வாரத்திற்கு மீதமிருக்கும்போதே அடுத்த மாதத்திற்கானதை வாங்கிவிடுவது, மூளைக்கு நாம் அளிக்கும் கால அவகாசம் ஆகும்.